பிள்ளை பேசி முடிக்கட்டும்

கல்யாண மண்டபத்தில் ஒரு பெரியவர் உங்கள் மகனின் தோளைத் தட்டி, “பேர் என்னடா தம்பி?” என்று கேட்கிறார். பிள்ளை வாயைத் திறக்கிறான். உதடு ஒட்டிக்கொள்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் வரவில்லை. இரண்டு மூன்று விநாடிதான் ஆகியிருக்கும். அதற்குள் நீங்கள் குறுக்கே புகுந்து, “பிரவீன், பெரியப்பா. மூணாங்கிளாஸ் படிக்கிறான்” என்று முடித்துவிடுகிறீர்கள். பெரியவர் சிரித்துவிட்டு நகர்கிறார். பிள்ளை வாயை மூடிக்கொள்கிறான். அவன் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக உங்களுக்கு ஒரு நிம்மதி. அவன் கற்றுக்கொண்டது வேறு. என் பேச்சு நாலு பேர் முன்னால் வரக் கூடாதது, அதை அம்மாவே மறைக்கிறாள் என்று கற்றுக்கொண்டான்.

தயவுசெய்து இதை நிறுத்துங்கள். திக்கிப் பேசும் பிள்ளையைப் பெற்ற ஒருத்தியாக, என்னைப் போன்ற மற்றப் பெற்றோரிடம் இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். பேச்சுப் பயிற்சி மையத்தின் வராந்தாவில் காத்திருக்கும்போது காதில் விழுபவை அப்படி. “நல்லாப் பாடுறான், பேசத்தான் மாட்டேங்கிறான். வேணும்னே பண்றான்.” “பக்கத்து வீட்டுப் பையனோட சேர்ந்து கத்துக்கிட்டான்.” “பொம்பளப் புள்ளையாச்சே, நாளைக்கு யாரு கட்டிக்குவாங்க?” எல்லாம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே. அதற்குப் பேச்சுதான் திக்கும். காது நன்றாகவே கேட்கும்.

வேண்டுமென்றே செய்கிறான் என்ற பழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காலையில் பள்ளி மைதானத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தை வகுப்போடு சேர்ந்து ஒரு சொல் தட்டாமல் பாடுகிற பிள்ளை, கொஞ்ச நேரம் கழித்து வகுப்பில் பெயர் கூப்பிடும்போது “உள்ளேன் ஐயா” சொல்ல முடியாமல் நிற்கிறது. வீட்டில் நாய்க்குட்டியிடம் கதை சொல்லும்போது தடையே இல்லை. பார்ப்பவர்களுக்கு நடிப்பு என்றே தோன்றும். ஆனால் உலகம் முழுக்கத் திக்கிப் பேசுவோரில் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான். பாடும்போதும், பலரோடு சேர்ந்து சொல்லும்போதும், தனியாகப் பேசிக்கொள்ளும்போதும் திக்கல் வெகுவாகக் குறைந்துவிடும். பாட்டுக்குத் தாளம் வெளியிலிருந்து கிடைக்கிறது. சொந்தப் பேச்சில் அடுத்த அசை எப்போது வர வேண்டும் என்பதை மூளை தானே கணக்கிட்டு உதட்டுக்கும் நாக்குக்கும் குரல்வளைக்கும் ஒரே நேரத்தில் சொல்லியாக வேண்டும். அந்த நேரக் கணக்கில்தான் இந்தப் பிள்ளைகளுக்குத் தடங்கல் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். மூளைப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பேச்சைத் திட்டமிடும் பகுதியையும் வாய்த் தசைகளை அசைக்கும் பகுதியையும் இணைக்கும் நரம்புப் பாதைகள் இவர்களுக்கு, குறிப்பாக இடப்பக்கத்தில், சற்று வேறாக இருப்பது தெரிந்திருக்கிறது.

சொந்தப் பெயர் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். ‘தண்ணீர்’ வராது என்று தெரிந்தால் “குடிக்க ஏதாவது” என்று கேட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். இந்தப் பிள்ளைகள் நாள் முழுக்க அப்படித்தான் சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தப்பிக்கிறார்கள்; வராத எழுத்துக்கு முன்னால் ஒரு “அது வந்து” போட்டுக்கொள்கிறார்கள். பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது.

அடுத்த பழி யார் ரத்தம் என்பது. “எங்க பக்கம் யாருக்கும் கிடையாது” என்று மாமியார் ஆரம்பித்தால், மருமகளின் தாய்மாமன் வரைக்கும் விசாரணை போகும். குடும்பத்தில் ஏற்கெனவே யாருக்காவது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. 2010-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பாகிஸ்தானில் திக்கல் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்களிலிருந்து தொடங்கி, இதோடு தொடர்புள்ள 3 மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். ஆக, மரபுக்குப் பங்கு உண்டு. அதைத் தெரிந்துகொள்வது சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க உதவும். சண்டை போட உதவாது. யாரையும் பார்த்துத் திக்கல் தொற்றிக்கொள்வதும் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள்.

இனி வைத்தியங்கள். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தேய்க்கிறோம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுத்தன்மை உள்ள பொருள் இருப்பதால் அமெரிக்காவில் 1968 முதல் அதை உணவில் சேர்க்கவே தடை. நாம் அதைப் பச்சைப் பிள்ளையின் வாயில் வைக்கிறோம். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொல்கிறோம். யாரோ ஒரு கிரேக்கப் பேச்சாளர் செய்தாராம். நாலு வயதுப் பிள்ளை மூச்சுக்குழாயில் கல் அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? ‘பயந்த கோளாறு’ என்று மந்திரித்துத் தாயத்து கட்டுகிறோம். நம்பிக்கைக்குக் கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதை நான் குறை சொல்லவில்லை, போய்விட்டு வாருங்கள். ஆனால் அங்கே போய்விட்டோம் என்பதற்காகப் பேச்சுப் பயிற்சியை ஒரு வருடம் தள்ளிப்போடுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

நாக்கை அறுப்பது இன்னொன்று. அடிநாக்குச் சவ்வு இறுகியிருந்தால் சில பிள்ளைகளுக்குச் சில ஒலிகள் சரியாக வராது. அது தனிச் சிக்கல், மருத்துவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது. திக்கலுக்கும் அந்தச் சவ்வுக்கும் சம்பந்தமே இல்லை. 1841-இல் பெர்லினில் டிஃபன்பாக் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர், நாக்கின் அடியில் ஆப்பு வடிவில் சதையை வெட்டி எடுத்தால் திக்கல் போய்விடும் என்று நம்பி நோயாளிகளை வெட்டினார். மயக்க மருந்து வராத காலம். ரத்தமும் வலியும்தான் மிச்சம்; அந்த முறை சீக்கிரமே கைவிடப்பட்டது. ஏறக்குறைய 180 வருடம் கழித்தும் “நாக்கைக் கொஞ்சம் கட் பண்ணிவிட்டா சரியாயிடுமா டாக்டர்?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையும் இதுவரை கிடையாது.

“தமிழ், இங்கிலீஷ்னு ரெண்டும் பேசுறதால குழம்பிப்போயிட்டான், வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க” என்று பள்ளியில் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் நிறைய. அதை நம்பி, பாட்டியோடு பேசுகிற ஒரே மொழியையும் பிள்ளையிடமிருந்து பிடுங்கியவர்கள் உண்டு. இரண்டு மொழி பேசுவதால் திக்கல் வருவதில்லை. பிள்ளைக்கு எந்த மொழியில் மனசு லேசாக இருக்கிறதோ அதிலேயே பேசவிடுங்கள்.

நம்மால்தான் வந்ததோ என்று சிலர் ராத்திரியெல்லாம் அழுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார், அவரே திக்கிப் பேசுபவர். பெற்றோர் பிள்ளையின் சாதாரணத் தடுமாற்றத்தைப் பிடித்துக்கொண்டு ‘திக்குவாய்’ என்று பெயர் சூட்டுவதால்தான் திக்கல் உண்டாகிறது என்பது அவர் நினைப்பு. 1939-இல் அவருடைய மாணவி மேரி டூடர், டேவன்போர்ட் நகரத்து அனாதை இல்லத்துப் பிள்ளைகள் 22 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த 6 பிள்ளைகளிடம், உங்களுக்குத் திக்கல் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச முடிந்தால் மட்டும் வாயைத் திறங்கள், இல்லாவிட்டால் பேசாதீர்கள் என்று மாதக்கணக்கில் சொல்லிவந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான திக்கல் வரவில்லை. பேராசிரியரின் நினைப்பு தவறு. பெற்றோர் திருத்துவதால் திக்கல் உண்டாவதில்லை என்பதே இன்றைய முடிவு. ஆகவே உங்களைக் குற்றவாளியாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு நடந்ததைப் பாருங்கள். பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் தங்களைத் தாங்களே தடுத்துக்கொண்டார்கள். இந்தச் சோதனை பல பத்தாண்டுகள் வெளியே தெரியாமல் கிடந்தது. 2001-இல் ஒரு நாளிதழ் வெளிக்கொண்டுவந்தபோது பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. அங்கே ஒரு சோதனைக்காகச் சொன்னதை இங்கே நாம் பாசத்தால் சொல்கிறோம். “ஒழுங்கா வந்தா பேசு, இல்லேன்னா சும்மா இரு.” “திரும்பச் சொல்லு, நிறுத்தி நிதானமா.” “மூச்சை நல்லா இழுத்து விட்டுட்டுப் பேசு.” திக்கல் நம்மால் வருவதில்லை. பேச்சு என்றாலே பிள்ளை பயப்படுவது பெரும்பாலும் நம்மால்தான், அக்கம்பக்கத்தால்தான், வகுப்பறையால்தான்.

“தானா சரியாயிடும்” என்று சொல்பவர்கள் பாதி உண்மை சொல்கிறார்கள். 2 முதல் 5 வயதுக்குள், மொழி வேகமாக வளரும் காலத்தில், 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேருக்குத் திக்கல் தலைகாட்டும். அவர்களில் ஐந்தில் நாலு பேருக்கு அதுவாகவே போய்விடும். மிஞ்சுவது மக்கள்தொகையில் சுமார் 1 விழுக்காடு. தமிழ்நாட்டு மக்கள்தொகைக்குக் கணக்குப் போட்டால் 7 லட்சம் பேருக்கு மேல் வருகிறது, சிறு எண்ணிக்கை இல்லை. உங்கள் பிள்ளை அந்த நாலில் ஒன்றா, மிஞ்சும் ஒன்றா என்பதை உங்கள் அத்தையால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. சில அடையாளங்களை வைத்து ஸ்பீச் தெரபிஸ்ட் கணிப்பார். குடும்பத்தில் பெரியவராகியும் திக்குபவர் இருந்தால், மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியிருந்தால், ஆறு மாதம் தாண்டியும் குறையாமல் இருந்தால், ஆண் பிள்ளையாக இருந்தால் நிலைத்துவிடும் வாய்ப்பு கூடுதல். தொடக்கத்தில் ஆணும் பெண்ணும் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் இருந்து, பெரியவர்களில் நாலுக்கு ஒன்று என்று ஆகிவிடுகிறது. பெண் பிள்ளைகள் அதிகம் மீண்டுவிடுகிறார்கள்.

எப்படித் திக்குகிறது என்பதையும் கவனியுங்கள். “அம்மா அம்மா, நான் நான் அங்க போனப்ப...” என்று முழுச் சொல்லைத் திரும்பச் சொல்வது எல்லாச் சிறு பிள்ளைகளும் செய்வது. “க-க-க-கதவு” என்று ஒரு ஒலி மட்டும் திரும்பத் திரும்ப வந்தாலோ, “ஸ்ஸ்ஸ்கூல்” என்று இழுத்தாலோ, வாய் திறந்தும் சத்தமே வராமல் அடைத்துக்கொண்டாலோ அது வேறு. கண்ணை இறுக்கி மூடுவது, தலையை வெட்டுவது, காலைத் தரையில் தட்டுவது எல்லாம் அந்த அடைப்பிலிருந்து வெளியே வர உடம்பு செய்யும் போராட்டம். அதைப் பார்த்து “என்ன சேஷ்டை இது” என்று தொடையில் ஒன்று வைப்பவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். இந்த அடையாளங்களைப் பார்த்த பிறகு ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள்.

கேட்பவருக்குப் புரியாத வேகத்தில் சொற்களை விழுங்கி, அசைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பேசும் பிள்ளைகளும் உண்டு. அது திக்கல் இல்லை, அவசரப் பேச்சு. அந்தப் பிள்ளைக்குத் தன் பேச்சு புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது. அதற்கான பயிற்சி வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லவும் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும்.

ஆறு வயதுக்கு முன்னால் தொடங்கினால் பலன் மிக அதிகம். ஆஸ்திரேலியாவில் சிட்னியின் லிட்கோம்ப் பகுதியின் பெயரால் ஒரு முறை இருக்கிறது. அதில் வாரம் ஒருமுறை தெரபிஸ்டிடம் போனால் போதும், தினசரிப் பயிற்சியைக் கொடுப்பது பெற்றோர். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் பிள்ளையோடு விளையாடிக்கொண்டே, தங்குதடையில்லாமல் வந்த பேச்சை உடனுக்குடன் பாராட்டுவதுதான் அதன் அடிப்படை. நியூசிலாந்தில் நடந்த ஆய்வில், எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தானாகக் குறைவதை விட இது தெளிவாகவே அதிகப் பலன் தந்தது என்று 2005-இல் வெளியானது. இதை யூடியூப் பார்த்து நீங்களாகச் செய்ய முடியாது. எதை, எப்போது, எத்தனை முறை சொல்ல வேண்டும் என்று தெரபிஸ்ட் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டும். “ஸ்பீச் தெரபிக்கு அவங்க அம்மாவோட போறான்” என்று சொல்லிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து செல்போன் பார்க்கும் அப்பாக்களுக்குச் சேர்த்துத்தான் சொல்கிறேன். உள்ளே வாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதற்குச் செலவே இல்லை. பிள்ளையை மெதுவாகப் பேசச் சொல்லாதீர்கள், நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அது பேசும்போது கைவேலையை நிறுத்திவிட்டு முகத்தைப் பாருங்கள். சொல்லி முடித்ததும் எப்படிச் சொன்னது என்பதை விட்டுவிட்டு, என்ன சொன்னது என்பதற்குப் பதில் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து வந்தவுடன் “என்ன பாடம் நடத்துனாங்க, மிஸ் என்ன சொன்னாங்க, டிபன் சாப்பிட்டியா” என்று சரமாரியாகக் கேட்காதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் சீரியல் சத்தத்துக்கும் அண்ணன் தங்கை சத்தத்துக்கும் நடுவே போட்டி போட்டுக்கொண்டு திக்கும் பிள்ளையால் பேச முடியாது. ஒருவர் முடித்த பிறகு ஒருவர் என்று ஒரு பழக்கம் வையுங்கள். அத்தை பிள்ளைகள் அதைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்தால் அந்த இடத்திலேயே கண்டியுங்கள். சினிமாவிலும் டிவியிலும் திக்குபவரை வைத்து வரும் நகைச்சுவைக்கு நாம் வாய்விட்டுச் சிரிக்கும்போது பக்கத்தில் பிள்ளை இருக்கிறது.

பள்ளிக்கு ஒருமுறை நேரில் போய் ஆசிரியரிடம் பேசுங்கள். வகுப்பில் பிள்ளையை எழுப்பவே வேண்டாம் என்று கேட்பது தவறு, அது ஒதுக்கி வைப்பது. பதில் சொல்ல நேரம் கொடுங்கள், குறுக்கே முடித்துவிடாதீர்கள், பெயர் கூப்பிடும்போது கையைத் தூக்கினால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். கேலி செய்யும் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் கேட்பார்கள். அவர்களிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் குறை.

வயது கடந்துவிட்ட பிள்ளைகளுக்கும் பயிற்சி உண்டு. சொல்லை மெல்லத் தொடங்குவது, இறுக்கத்தைத் தளர்த்துவது, திக்கினாலும் பாதியில் விடாமல் சொல்லி முடிப்பது என்று கற்றுத்தருவார்கள். ஆனால் “30 நாளில் கேரண்டி” என்று கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டுபவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள். பின்னாளில் இங்கிலாந்து மன்னரான ஆறாம் ஜார்ஜ் 1926-இல் லயோனல் லோக் என்ற பயிற்சியாளரிடம் போனார். மன்னராகி, 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் தொடங்கியதையொட்டி வானொலியில் நாட்டு மக்களிடம் பேசியபோதும் லோக் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது; அந்தப் பேச்சின் இடைவெளிகள் இன்றும் ஒலிப்பதிவில் கேட்கின்றன. ஒரு நாட்டின் அரசருக்கு 13 வருடப் பயிற்சிக்குப் பிறகும் மிச்சம் இருந்தது. ஆனாலும் அவர் பேசினார், நாடு கேட்டது. நடிகர் ஹ்ரித்திக் ரோஷன் சிறு வயதில் தான் திக்கியதையும், வாய்மொழித் தேர்வு நாள்களில் பள்ளிக்குப் போகாமல் தவிர்த்ததையும் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உங்கள் பிள்ளையிடம் திக்கல் முழுதாகப் போய்விடும் என்று சத்தியம் செய்யாதீர்கள். திக்கினாலும் நீ சொல்வதை நான் கேட்பேன் என்று சொல்லுங்கள். அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

எங்கே போவது என்று தெரியாது என்ற சாக்கும் இனி வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ டி.இ.ஐ.சி. என்று சொல்லும் ஆரம்பகால இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கே சேவை இலவசம்; பேச்சுப் பயிற்சியாளருக்கும் அந்தக் குழுவில் இடம் உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மைசூருவில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இயங்குகிறது. தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேட்டு, பதிவு எண்ணைப் பாருங்கள்.

முழுப் பரீட்சை முடியட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம், தை பிறக்கட்டும் என்று தள்ளாதீர்கள். பிள்ளை ஆறு மாதமாகத் திக்குகிறது என்றால், வருகிற திங்கட்கிழமை காலையில் ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு அப்பா, அம்மா இருவருமாக அதைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவுச் சீட்டு வாங்குங்கள்.